திக்கும் குழந்தைக்கு ஸ்பீச் தெரபி: நாள் குறிப்பது எப்படி?

எனக்குத் திக்கும். அதனால் என் மகனுக்கு மூன்று வயது இரண்டு மாதத்தில் "அ...அ...அ...அப்பா" என்று வந்தபோது, அது என்னவென்று வீட்டில் முதலில் புரிந்துகொண்டது நான்தான். ஸ்பீச் தெரபிஸ்டுக்குப் போன் போடாமல் நான்கு மாதத்தை ஓட்டியதும் நான்தான். முன்பின் தெரியாத நம்பருக்கு அழைத்து, மறுமுனையில் "ஹலோ, யாரு பேசறது?" என்று கேட்கும்போது பேர் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று திக்குகிறவர்களுக்குத் தெரியும். கடைசியில் வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. என்னைப் போல் போனுக்குத் தயங்குகிறவர்கள் இருந்தால், மெசேஜ் போதும். அதற்காக நாலு மாதம் கடத்த வேண்டாம்.

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு வாரா வாரம் பஸ் ஏறி, ஒன்றரை வருடத்தில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டுமே இது பொருந்தும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சிகிச்சை முறையே வேறு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் கிளினிக்கில் நேரம் வாங்குவதைத்தான் பெரிய விஷயமாக நினைக்கிறோம். கிளினிக் வாரத்துக்கு ஒரு முக்கால் மணி நேரம். சிகிச்சை நடப்பது மீதி நாட்களில், வீட்டில், அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு உட்காரும் பத்துப் பதினைந்து நிமிடத்தில். அந்த நேரத்தை முதலில் கண்டுபிடியுங்கள். கிளினிக் நேரத்தை அதற்கப்புறம் கேளுங்கள். நாங்கள் தலைகீழாகச் செய்து இரண்டு மாதத்தை வீணடித்தோம்.

காத்திருக்கலாமா, கூப்பிடலாமா?

"தானா சரியாப் போயிடும்" என்று சொல்லாத வீடு கிடையாது. அதில் பாதி உண்மை. நூறு குழந்தைகளில் ஐந்து முதல் எட்டுப் பேருக்குச் சின்ன வயதில் திக்கல் வருகிறது. பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் நாலு வயதுக்கும் நடுவில், குழந்தை வாக்கியம் வாக்கியமாகப் பேசத் தொடங்கும் நேரத்தில் வரும். அவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குச் சில ஆண்டுகளில் போய்விடுகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் நிலைக்கிறது. சிக்கல் என்னவென்றால், உங்கள் குழந்தை அந்த மூவரில் ஒருவரா, நாலாவது ஆளா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

நிலைத்துவிடும் வாய்ப்பைக் கூட்டும் விஷயங்கள் சில உண்டு: பையனாக இருப்பது, குடும்பத்தில் பெரியவர் யாருக்காவது திக்கல் நீடித்திருப்பது, மூன்றரை வயதுக்குப் பிறகு தொடங்கியிருப்பது, ஆறு மாதத்துக்கு மேல் குறையாமல் இருப்பது. என் மகனுக்கு முதல் இரண்டும் இருந்தன.

எல்லாத் தடுமாற்றமும் திக்கல் இல்லை. "அது வந்து... அது வந்து... நாய் இருக்குல்ல" என்று முழுச் சொல்லையும் திருப்பிச் சொல்வதும், இழுத்து யோசிப்பதும் எல்லாக் குழந்தைகளும் செய்வது. சொல்லின் முதல் எழுத்தோ அசையோ மட்டும் திரும்பத் திரும்ப வந்தாலும் ("தா...தா...தா...தாத்தா"), ஓசை நீண்டாலும் ("ம்ம்ம்மாடு"), வாய் திறந்தபடி சத்தமே வராமல் அடைத்துக்கொண்டாலும் கவனியுங்கள். கூடவே கண்ணை இறுக்கி மூடுவது, காலைத் தரையில் தட்டுவது, "எனக்குச் சொல்ல வரல" என்று பேச்சையே விட்டுவிடுவது இருந்தால், அன்றைக்கே கூப்பிடுங்கள்.

மூன்று வயதுக் குழந்தை, தொடங்கி ஒரு மாதம்தான் ஆகிறது, அதைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை என்றால், தெரபிஸ்டே "சில மாதம் பார்ப்போம்" என்று சொல்லக்கூடும். அது சரிதான். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் பார்த்துப் பரிசோதித்த தெரபிஸ்ட், பக்கத்து வீட்டு அத்தை இல்லை. குழந்தைக்கு ஐந்து வயது ஆகிவிட்டதென்றால் பார்ப்பதற்கு நேரம் கிடையாது.

வசம்பு, தேன், வாயில் கூழாங்கல் எல்லாம் எனக்குச் செய்து பார்த்தவைதான். பலன் என்னவென்று இந்தக் கட்டுரையின் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். நாக்குக்கும் திக்கலுக்கும் சம்பந்தமில்லை. பயந்துபோனதாலோ வேறு யாரையோ பார்த்துப் பழகியதாலோ வருவதும் இல்லை. பேச்சை ஓட்டும் மூளை வேலையில், பெரும்பாலும் பரம்பரையாக, வரும் வேறுபாடு அது.

கூப்பிடும் முன்

மூன்று வீடியோ எடுத்து வையுங்கள். விளையாடும்போது ஒன்று, சாப்பிடும்போது ஒன்று, பாட்டியிடம் கதை சொல்லும்போது ஒன்று, ஒவ்வொன்றும் மூன்று நான்கு நிமிடம். ஏனென்றால் புது இடத்தில், புது ஆளின் முன்னால் குழந்தை ஒரு திக்கும் இல்லாமல் மணிமணியாகப் பேசிவிட்டு வந்துவிடும். எங்களுக்கு முதல் நாள் அப்படித்தான் ஆனது. வீடியோ மட்டும் இல்லாவிட்டால் "நல்லாத்தானே பேசறான்" என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

எப்போது தொடங்கியது (மாதம் போதும்), வீட்டில் யாருக்கு உண்டு, என்னென்ன மொழி பேசுகிறீர்கள், காது கேட்பதில் சந்தேகம் உண்டா, ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் தமிழ், ஸ்கூலில் ஆங்கிலம் என்றால் பயப்பட வேண்டாம். இரண்டு மொழி பேசுவதால் திக்கல் வருவதில்லை. ஒன்றை நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

எங்கே கேட்பது?

அரசு வழி இரண்டு. 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வரும். அவர்களிடம் சொன்னால், டி.இ.ஐ.சி. என்று சொல்லும் மாவட்ட மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். அதுவரை காத்திராமல் நேராகப் போக நினைத்தால், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுப் போட்டு காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகலாம். அங்கே காதைப் பரிசோதித்துவிட்டு ஸ்பீச் தெரபிஸ்டிடம் அனுப்புவார்கள். காலையிலேயே போய்விடுங்கள். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்திய குழந்தைகளுக்கான பயிற்சியும் பெரும்பாலும் அதே தெரபிஸ்ட் தலையில்தான் விழுகிறது. அதனால் "வாரம் ஒரு நாள், இன்ன நேரம்" என்று நீங்களாகத்தான் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் "அடுத்த மாசம் வாங்க" என்பதில் முடிந்துவிடும்.

தனியாரிடம் போனால் படிப்பைப் பாருங்கள். பி.ஏ.எஸ்.எல்.பி. என்னும் பேச்சு, கேட்டல் துறைப் பட்டமும், ஆர்.சி.ஐ. என்னும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். எண்ணைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, சுவரில் மாட்டியே வைத்திருப்பார்கள். மைசூரில் 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இந்தத் துறைக்குத் தாய்வீடு மாதிரி. தூரம் தாங்குமென்றால் ஒரு முறை அங்கே காட்டி மதிப்பீடு வாங்கிக்கொண்டு, வாரப் பயிற்சியை உள்ளூரில் வைத்துக்கொள்ளலாம்.

முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்

"ஆறு வயசுக்குக் கீழ திக்கற பிள்ளைகளைப் பார்க்கறீங்களா, என்ன முறையில?" என்பதுதான் முதல் கேள்வி. இந்த வயதுக்குப் பரவலாகப் பயன்படுவது, வீட்டில் பெற்றோரே பயிற்சி தரும் லிட்கம் முறை. ஆஸ்திரேலியாவில் சிட்னியின் ஒரு புறநகர்ப் பெயர் அது. 2005-ல் வெளியான நியூசிலாந்து ஆய்வொன்றில் 54 குழந்தைகளை இரண்டு குழுவாக்கிப் பார்த்தார்கள். ஒன்பது மாதம் கழித்து, இந்தப் பயிற்சி பெற்றவர்களுக்குத் திக்கல் மற்றவர்களைவிட நன்றாகவே குறைந்திருந்தது. லண்டனில் உருவான பேலின் முறையும் உண்டு. அதில் பெற்றோர் குழந்தையோடு பேசும் விதத்தை மாற்றுவதுதான் பயிற்சி: கிளினிக்கில் ஆறு வாரம், பிறகு வீட்டில் மட்டும் ஆறு வாரம். எது நல்லது என்று நான் சண்டைக்கு வரமாட்டேன். தெரபிஸ்டுக்கு எது கைவந்ததோ அது.

"நாங்க கூட உள்ள உட்காரலாமா?" என்பது இரண்டாவது. "வேண்டாம், வெளியே இருங்க" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். இந்த வயதில் பெற்றோருக்குக் கற்றுக்கொடுப்பதுதான் சிகிச்சையே. நாங்கள் முதலில் போன இடத்தில் வாரம் ஐந்து நாள், ஒரு மாதப் பேக்கேஜ், முன்பணம், குழந்தை உள்ளே, நாங்கள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில். முப்பது நாள் முடிந்ததும் எங்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை, அவனுக்கும் ஒன்றும் மாறவில்லை. "இத்தனை நாளில் குணமாக்குவோம்" என்று எழுதிப் போட்டிருக்கும் போர்டைப் பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

கட்டணம், வராவிட்டால் என்ன செய்வார்கள், வீடியோ காலில் நடத்துவார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். தனியாரில் ஒரு அமர்வுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் போகிறது. மாதம் நாலு அமர்வு, பஸ் செலவு, உங்கள் அரை நாள் சம்பளம், எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, பல மாதம் தாக்குப்பிடிக்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள்.

நாளும் நேரமும்

சனிக்கிழமை நேரம் எல்லாருக்கும் வேண்டும், கிடைக்காது. வார நாளில் காலை பத்து மணி சுலபமாகக் கிடைக்கும். எல்.கே.ஜி.யில் வாரம் அரை நாள் போனால் குடி முழுகிவிடாது, மிஸ்ஸிடம் காரணத்தைச் சொல்லிவிட்டால் போதும். மதியம் தூங்கும் குழந்தைக்கு இரண்டு மணிக்கு அமர்வு வாங்காதீர்கள். தூக்கம் கலைந்த பிள்ளை அழும், அல்லது பேசாது. இரண்டும் வீண். ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்தால் இறங்கியதும் உள்ளே போகாமல், தின்னக் கொடுத்து அரை மணி நேரம் ஆற வையுங்கள்.

எங்கள் அம்மா பஞ்சாங்கம் பார்த்து, "பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது" என்று புதன்கிழமையைச் சொன்னார். தெரபிஸ்டிடம் புதன்தான் காலியாகவும் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் "விஜயதசமி அன்னிக்கு ஆரம்பிக்கலாமே" என்று இரண்டு மாதம் தள்ளப் பார்த்தபோது மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

முடிந்தவரை ஒரே நாள், ஒரே நேரம், ஒரே தெரபிஸ்ட். கூடப் போவதும் ஒரே ஆள், வீட்டில் பயிற்சி தருகிறவரே. அம்மா வீட்டில் பயிற்சி தர, தாத்தா கிளினிக்குக் கூட்டிப் போவது வேலைக்கு ஆகாது. எனக்கே திக்கும்போது நான் எப்படிப் பயிற்சி தருவது என்று கேட்டேன். "அது ஒரு தடையே இல்லை சார்" என்றார் தெரபிஸ்ட். காலைப் பயிற்சியை நான் எடுத்துக்கொண்டேன், புதன்கிழமை பஸ்ஸையும்தான்.

அந்தப் பதினைந்து நிமிடம்

முதல் அமர்வு பெரும்பாலும் கேள்விகளிலும் விளையாட்டிலும் போகும். லிட்கம் முறை என்றால் அதிலேயே மதிப்பெண் போடச் சொல்லித் தருவார்கள். அன்றைய பேச்சுக்கு 0 முதல் 9 வரை ஒரு எண். 0 என்றால் திக்கலே இல்லை, 1 மிக லேசு, 9 மிகக் கடுமை. தினமும் இரவு போட வேண்டும். நீங்கள் 5 என்று நினைப்பதைத் தெரபிஸ்ட் 3 என்று நினைத்தால், இருவரும் ஒரே கண்ணுக்கு வரும்வரை பேசிக்கொள்ளுங்கள். இதற்குத் தனி ஆப் எதுவும் வேண்டாம். பால் கணக்கும் சிலிண்டர் வந்த தேதியும் எழுதுகிற அதே மாதக் காலண்டரில், கட்டத்தின் மூலையில் ஒரு எண்ணைப் போட்டோம். கிளம்பும்போது காலண்டரை போட்டோ எடுத்துக்கொண்டு போவேன்.

பிறகு தினசரிப் பயிற்சி. படப் புத்தகம், பிளாக்ஸ், பொம்மை மாடு, ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு, குழந்தை திக்காமல் சொல்லக்கூடிய சின்னச் சின்னப் பதில்கள் வருமாறு பேச்சை நடத்துவது. வழுக்கிக்கொண்டு வந்த சொல்லைக் கண்டு, "அட, வழவழன்னு வந்துச்சே!" என்று பாராட்டுவது. பாராட்டுதான் நிறைய. திக்கியதை எப்போதாவது, லேசாக, "இங்க கொஞ்சம் முட்டுச்சுல்ல" என்று சொல்வது. எவ்வளவு, எப்படி, எப்போது என்பதைத் தெரபிஸ்ட் உங்களைச் செய்ய வைத்துப் பார்த்துத்தான் சொல்வார். இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே தொடங்கிவிடாதீர்கள். தப்பாகச் செய்தால் குழந்தைக்குக் குறை சொல்வது மாதிரித்தான் கேட்கும்.

நேரத்துக்கு வருகிறேன். நாங்கள் முதலில் வைத்தது மாலை ஏழு மணி. அந்த நேரத்தில்தான் சீரியல், அண்ணனுக்கு ஹோம்வொர்க், எதிர்பாராமல் வரும் சித்தப்பா, கரண்ட் கட், எல்லாம். வாரத்தில் மூன்று நாள்தான் நடந்தது. காலண்டரில் எண் 5-ஐ விட்டு அசையவில்லை. தெரபிஸ்ட் எங்களைத் திட்டவில்லை. "காலையில எழுந்ததும் என்ன பண்றான்?" என்று மட்டும் கேட்டார். எழுந்ததும் பால் டம்ளரோடு திண்ணையில் உட்காருவான், பல் விளக்கப் பத்து நிமிடம் கெஞ்ச வேண்டும். அந்த நேரத்தையே எடுத்துக்கொண்டோம். ஆறே முக்கால். டிவி கிடையாது, விருந்தாளி கிடையாது, அண்ணன் இன்னும் தூக்கம். காலையில் செய்தால் அந்தப் பாராட்டு நாள் முழுக்கக் கூடவே போகிறது என்பது இன்னொரு லாபம். எண் மூன்று வாரத்தில் 3-க்கு வந்தது.

உங்கள் வீட்டில் அந்த நேரம் குளிக்க வைக்கும்போது இருக்கலாம், பூ கட்டும்போது இருக்கலாம். இருக்கிற பழக்கம் ஒன்றின் முதுகில் ஏற்றுங்கள். புதிதாக ஒரு நேரத்தை உண்டாக்கினால் பத்தாம் நாள் அது காணாமல் போகும்.

அந்த நேரத்துக்கு வெளியே, வீட்டிலிருக்கும் மற்றவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். "மெதுவாப் பேசு", "மூச்சு விட்டுட்டுச் சொல்லு" என்று சொல்லாமல் இருப்பது, சொல்லை எடுத்துக் கொடுக்காமல் சொல்லி முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக் காத்திருப்பது. கேலி செய்யும் மாமாவிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். "பாட்டுப் பாடறப்ப திக்கலையே, வேணும்னேதான் பண்றான்" என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். பாடும்போது யாருக்குமே பெரும்பாலும் திக்காது. எனக்கும் திக்காது.

விட்டுப்போகும் வாரங்கள்

திக்கல் அலை மாதிரி. ஒரு வாரம் காணாமல் போகும், அடுத்த வாரம் இரட்டிப்பாக வரும். நல்ல வாரம் வந்ததும் "இந்தப் புதன் போக வேணாமே" என்று தோன்றும். எங்களுக்குத் தோன்றியது, போகவில்லை, அடுத்த புதன் தெரபிஸ்ட் ஊரில் இல்லை, மூன்று வாரம் ஓடிவிட்டது. நல்ல வாரத்தில் போகும் அமர்வுதான் அடுத்த படிக்கு ஏற்றும்: உட்கார்ந்து செய்யும் பயிற்சியைக் குறைத்து, கடைக்குப் போகும்போது, சோறு ஊட்டும்போது என்று நாள் முழுக்கப் பாராட்டைத் தூவக் கற்றுத்தருவது அப்போதுதான்.

மே மாதம் ஊருக்குப் போவது, கல்யாணம், தீபாவளி, பொங்கல் எல்லாவற்றையும் முன்கூட்டியே தெரபிஸ்டிடம் சொல்லி, அந்த வாரங்களுக்கு வீடியோ கால் நேரம் வாங்கிவிடுங்கள். உற்சாகத்திலும் கூட்டத்திலும் திக்கல் கொஞ்சம் ஏறும், எண் ஏறினால் கலங்க வேண்டாம். வீடியோ காலில் என்ன நடக்கும் என்று நானும் ஏளனமாகத்தான் நினைத்தேன். ஆனால் 2016-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், வெப்கேமில் பயிற்சி பெற்ற குடும்பங்களும் கிளினிக்குக்குப் போனவர்களும் ஒரே மாதிரி முன்னேறியிருந்தார்கள். குழந்தை கேமரா முன்னால் கட்டிப்போட்ட மாதிரி உட்கார வேண்டியதே இல்லை. பேசுவது பெரும்பாலும் தெரபிஸ்டும் நீங்களும்தான். பக்கத்து டவுனில் தெரபிஸ்டே இல்லாதவர்களுக்கு இதுதான் வழி.

ஐந்தாறு வாரம் தவறாமல் செய்தும் எண் அசையவில்லை என்றால் சும்மா இருக்காதீர்கள். பயிற்சி நேரத்தை போனில் எடுத்துக் காட்டுங்கள். எங்கே தப்புகிறது என்று அவர் பார்த்துச் சொல்வார், தேவைப்பட்டால் முறையை மாற்றுவார்.

குறைந்த பிறகு

மூன்று வாரம் தொடர்ந்து 0-வும் 1-உமாக, அதிலும் பாதிக்கு மேல் 0-வாக வந்தால் இரண்டாம் கட்டம். பலர் கழன்றுகொள்வது இங்கேதான். "சரியாப் போச்சே, இனி எதுக்கு பஸ் செலவு?" என்பார்கள். லிட்கம் முறையில் இங்கிருந்து சந்திப்புகள் விரிந்துகொண்டே போகும்: இரண்டு வாரம் கழித்து, மறுபடி இரண்டு, பிறகு நாலு, நாலு, எட்டு, எட்டு, கடைசியாகப் பதினாறு. மொத்தம் 44 வாரம். எண் கூடினால் அந்த இடைவெளி நீளாது, அல்லது மறுபடி குறையும். ஏழு தேதியையும் அன்றைக்கே கணக்குப் போட்டு, காலண்டரில் வட்டமிட்டு, அடுத்த வருடக் காலண்டர் வந்ததும் மீதியை அதில் எழுதிவிடுங்கள். பதினாறு வாரம் கழித்து வரும் தேதியை யாரும் மனதில் வைத்திருக்க முடியாது.

இடையில் திக்கல் எட்டிப் பார்த்தால், அடுத்த வட்டம்வரை காத்திருக்காமல் ஒரு வாரம் எண் போட்டு, 2-க்குமேல் நின்றால் மெசேஜ் அனுப்புங்கள். எங்களுக்கு இரண்டாவது எட்டு வாரத்தில், தங்கச்சி பிறந்தபோது, அப்படி ஆனது. நாலு நாள் 3. காலைத் திண்ணைப் பயிற்சியை மறுபடி தொடங்கினோம், பத்து நாளில் இறங்கியது. எங்கள் கடைசி வட்டம் தீபாவளிக்கு முந்தின புதனில் விழுந்திருக்கிறது. அந்த வாரம் மதுரை பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது. அடுத்த புதனுக்கு மாற்றித் தரச் சொல்லி நேற்று போன் போட்டேன்.